சீஸை நகர்த்தியவர் எங்கே?

நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு குட்டிக் கதை 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஸ்பென்சர் ஜான்சன் 1998-ல் எழுதிய ‘ஹூ மூவ்ட் மை சீஸ்?’. பல கம்பெனிகள் இதை மொத்தமாக வாங்கி, ஊழியர்களுக்குப் பிரசாதம் மாதிரி விநியோகித்தன. கைக்குப் புத்தகம் வந்தால், ஆபீஸில் ஏதோ மாற்றம் வரப்போகிறது என்று அர்த்தம்.

கதை இதுதான். ஒரு புதிர்ப்பாதைக்குள் இரண்டு எலிகள், இரண்டு குட்டி மனிதர்கள். தினம் ஒரே இடத்தில் சீஸ் கிடைக்கிறது. ஒருநாள் காணோம். எலிகள் அலட்டிக்கொள்ளாமல் வேறு இடம் தேடி ஓடிவிடுகின்றன. ஹா என்பவன் தயங்கித் தயங்கி, லேட்டாகக் கிளம்புகிறான். ஹெம் மட்டும் ‘இது அநியாயம்’ என்று அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். நீதி: ஹெம் மாதிரி இருக்காதே.

வேலை போன ஒருவர் தனியாக உட்கார்ந்து படித்தால் தெம்பு வரும், மறுக்கவில்லை. மானேஜர் இதை ஊழியரிடம் நீட்டும்போதுதான் இடிக்கிறது. தலைப்பில் ஒரு கேள்வி இருக்கிறது அல்லவா? புத்தகம் முழுக்கத் தேடினாலும் அதற்குப் பதில் இல்லை. சீஸை நகர்த்தியவர் கதைக்குள் வருவதே இல்லை. புயல், மழை மாதிரி மாற்றம் அதுபாட்டுக்கு நடக்கிறது. ஆபீஸில் அப்படியா? நகர்த்தியவருக்கு ஒரு பெயர், ஒரு ரூம், ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பர் உண்டு. சில சமயம் புத்தகத்தைக் கொடுப்பவரே அவர்தான்.

கதைக்குப் பின்னால் நண்பர்கள் பேசிக்கொள்ளும் பகுதியில், ‘உங்கள் கம்பெனி ஹெம்களை என்ன செய்தீர்கள்?’ என்று ஒருவர் கேட்கிறார். வேலையை விட்டு அனுப்பவேண்டியதாயிற்று என்று வருத்தத்தோடு பதில் வருகிறது. ஹெம்மிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? தகவல் இல்லை.

ஹெம் பிறவியிலேயே ஹெம்தானா? இந்தப் புத்தகத்துக்கு 50 வருஷம் முன்பே இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் 1948-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. இடம், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலை. இஸ்திரி போடுகிறவர்கள் பைஜாமாக்களை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டை மேல் அடுக்கிவந்தார்கள். இனி அட்டைக்குப் பதில் பெட்டிக்குள் அடுக்கவேண்டும், அதற்கேற்பப் புதுக் கூலி. அவ்வளவுதான் மாற்றம்.

அந்தக் குழுவைக் கூப்பிட்டு, ‘போட்டி அதிகம், இனி இப்படி’ என்று விளக்கி, கேள்விகளுக்குப் பதிலும் சொல்லி அனுப்பினார்கள். நாகரிகமான மீட்டிங்தான். விளைவு? உற்பத்தி விழுந்தது, எழுந்திருக்கவில்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். வேறு சில குழுக்களிடம், செலவைக் குறைக்க வேண்டிய காரணத்தைச் சொல்லி, ‘எப்படிச் செய்யலாம்?’ என்று எல்லோரையும் கேட்டார்கள். வந்து கொட்டிய யோசனைகளைக் குறித்துக்கொள்ள ஸ்டெனோ திணறிப்போனார். அந்தக் குழுக்களில் ஒருவர்கூட விலகவில்லை. உற்பத்தி பழைய அளவைத் தாண்டியது.

முக்கியமான செய்தி இனிமேல்தான். இரண்டரை மாதம் கழித்து, அந்த முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரை மறுபடி ஒன்றுசேர்த்து, வேறொரு புது வேலைக்கு, இந்த முறை கலந்து பேசி மாற்றினார்கள். சீக்கிரமே பழைய வேகத்தைப் பிடித்து மேலேயும் போனார்கள். அதே ஆட்கள், ஸார்! மாறியது அவர்களிடம் பேசிய விதம்தான்.

அதற்காக எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லவில்லை. சில முடிவுகள் மேலிடத்தில் எடுக்கப்பட்டுவிட்டவை. அவற்றை அப்படியே சொல்லிவிட வேண்டும். முடிவு செய்துவிட்டு ‘உங்கள் அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்பதைப்போலக் கோபம் வரவழைப்பது வேறில்லை. எது முடிந்துவிட்டது, எது உங்கள் கையில் என்று பிரித்துச் சொன்னாலே பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி மானம் சம்பந்தப்பட்டது. இருபது வருஷமாக லெட்ஜர் எழுதி ‘என்னை மிஞ்ச ஆளில்லை’ என்றிருந்தவரை, நேற்று வந்த பையனிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளச் சொன்னால் முரண்டு பிடிக்கத்தான் செய்வார். அவர் பயப்படுவது மெஷினுக்கு இல்லை, எல்லோர் முன்னாலும் மக்காகத் தெரிவதற்கு. அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவேண்டும். ‘இதில் எங்கே இடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். பல சமயம் நிஜமாகவே இடிக்கிற இடத்தை அவர்தான் காட்டுவார்.

ஜான்சனின் புத்தகம் ஒரு ரயில் பயணத்துக்கு நல்ல துணை. ஊழியருக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் ஒரு நிபந்தனை. ‘நகர்த்தியது நான்தான், காரணம் இது’ என்று முதலில் நேரில் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு புத்தகம் தேவைப்படாமலும் போகலாம்.