கதவுக்கு வெளியே விடப்பட்ட சூசன்
‘டொக்டர் ஹூ’ தொடரின் முதல் அங்கத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

டொக்டர் ஹூவை எம்மவரில் பலர் பிள்ளைகள் மூலமாகத்தான் அறிவோம். நீலநிறப் பொலிஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒருவர். அவரைத் துரத்தும் டாலெக் என்ற இரும்புக் கவசப் பிராணிகள். பிள்ளைகளின் சட்டையிலும் புத்தகப்பையிலும் இவற்றின் படங்கள். எனக்கும் இவ்வளவுதான் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் வாசிகசாலையில் அறிவியல் புனைகதை என்றால் சுஜாதாதான். ‘என் இனிய இயந்திரா’வுக்கு அப்பால் ஒரு உலகம் இருப்பதாக யாரும் சொல்லித் தரவில்லை.

ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளையொன்றில் இத்தொடரின் ஆகப் பழைய கதைகள் அடங்கிய டி.வி.டி. பெட்டி ஒன்று கிடைத்தது. உணவகத்தில் வேலை முடிந்து வந்து, பின்னிரவில், சத்தத்தைக் குறைத்து, கீழே ஓடும் ஆங்கில எழுத்துக்களை வாசித்தபடி பார்த்தேன். கறுப்பு வெள்ளை. முதல் அங்கம் வெறும் இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் அகதிக் குடும்பம் ஒன்றின் கதை இருந்தது. அதன் பின்வந்த அறுபது வருடங்களில் தொடர் அந்தக் கதையை என்ன செய்தது என்பது எம்மையும் தொடும் விடயம் என்றே எனக்குப் படுகிறது.

முதல் அங்கம் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை, பி.பி.சி.யில் ஒளிபரப்பானது. கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள். லண்டனில் ஒரு பள்ளிக்கூடம். சரித்திர ஆசிரியை பார்பராவும் விஞ்ஞான ஆசிரியர் இயனும் தங்கள் மாணவி ஒருத்தியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். சூசனுக்கு வயது பதினைந்து. சில பாடங்களில் ஆசிரியர்களையே மிஞ்சிய அறிவு. சில சாதாரண விடயங்களிலோ ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பவுணுக்கு எத்தனை ஷிலிங் என்று கேட்டால் முழிக்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. தசம நாணய முறை வந்துவிட்டதென்று நினைத்தேன் என்கிறாள். (பிரித்தானியாவில் அது வந்தது 1971இல்.) பிரெஞ்சுப் புரட்சி பற்றி ஆசிரியை இரவல் கொடுத்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, இப்படி நடக்கவில்லையே என்கிறாள். வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தருகிறேன் என்றால், தாத்தாவுக்கு அந்நியர்களைப் பிடிக்காது என்று மறுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலாசத்தைத் தேடிப் போனால் அங்கே வீடு இல்லை. பழைய சாமான்கள் குவித்து வைத்த வளவு ஒன்றுதான் இருக்கிறது. அதன் படலையில் எழுதியிருக்கும் போர்மன் என்ற பெயரைத்தான் அவள் தன் குடும்பப் பெயராகப் பள்ளியில் பதிந்திருக்கிறாள்.

இந்தச் சின்னச் சின்ன விவரங்களைப் பாருங்கள். காசுக் கணக்குத் தெரியாததால் வகுப்பில் சிரிப்புக்கிடமாவது. பத்திரத்தில் எழுத வேண்டிய பெயருக்காக எதையோ பார்த்து எழுதுவது. சொல்லக்கூடிய விலாசம் இல்லாதது. வீட்டுக்கு யாரும் வந்துவிடக் கூடாதே என்ற பயம். தான் கண்ணால் கண்டதைப் புத்தகம் வேறுவிதமாகச் சொல்லும்போது வரும் திகைப்பு. ஸ்காபரோவின் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்தச் சூசன் இருந்திருக்கிறாள். தாய் தகப்பனுக்காக மருத்துவரிடமும் வங்கியிலும் மொழிபெயர்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் பேசாமல் இருக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். அறிவியல் புனைகதை என்ற பெயரில், வேற்றுக்கிரகத்துப் பிள்ளை என்ற சாட்டில், இதை ஒருவர் 1963இலேயே எழுதிவிட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

எழுதியவர்கள், எடுத்தவர்கள் யார் என்று தேடினால் ஆச்சரியம் சற்றுக் குறையும். தொடரின் மூல எண்ணத்துக்குச் சொந்தக்காரர்களில் முதன்மையானவர் சிட்னி நியூமன். 1917இல் இதே ரொறன்ரோவில், ரஷ்யாவிலிருந்து வந்து சப்பாத்துக் கடை வைத்திருந்த ஒரு யூதருக்குப் பிறந்தவர். கனடிய தேசியத் திரைப்படச் சபையிலும் சி.பி.சி.யிலும் வேலை செய்துவிட்டு 1958இல் பிரித்தானியா போய், பின்னர் பி.பி.சி.யின் நாடகப் பிரிவுத் தலைவரானவர். 1997இல் ரொறன்ரோவிலேயே காலமானார். முதற் கதையை எழுதிய அன்ரனி கோபர்ன் அவுஸ்திரேலியர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பேட், யூதக் குடும்பத்துப் பெண். அப்போது வயது 27. நெறியாளர் வாரிஸ் ஹுசைன் 1938இல் லக்னோவில் பிறந்தவர். இந்தியா பிரிக்கப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் தங்கிவிட்ட எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். அவருக்கு அப்போது 24 வயது. ஆங்கிலேயரின் பெருமைக்குரிய சின்னமாக இன்று காட்டப்படும் ஒரு தொடரைத் தொடக்கி வைத்தவர்களில் பெரும்பாலானோர் வெளியிலிருந்து வந்தவர்கள், அல்லது உள்ளே இருந்தும் வெளியாட்களாகக் கருதப்பட்டவர்கள்.

இந்தப் பார்வை கமராவிலும் தெரிகிறது. அங்கத்தின் முதற்பாதி முழுவதும் நாம் ஆசிரியர்களோடு நிற்கிறோம். காருக்குள் இருந்து அந்தப் பிள்ளையை வேவு பார்க்கிறோம். அவர்கள் நல்லவர்கள், அக்கறையில்தான் வருகிறார்கள். ஆனால் அக்கறையும் விசாரணையாக மாறும் என்பதை அகதி விண்ணப்பம் ஒன்றை நிரப்பியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளவுக்குள் நிற்கும் பொலிஸ் பெட்டிக்குள் அவர்கள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வெளியே அலமாரி அளவாக இருந்தது உள்ளே மண்டபமாக விரிகிறது. இப்போது பாஷை தெரியாதவர்கள் ஆசிரியர்கள்தான். நரைத்த தலையுடன் நிற்கும் கிழவர், தானும் பேத்தியும் சொந்தக் கிரகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள், நாடு கடந்தவர்கள், ஒருநாள் திரும்பிப் போவோம் என்கிறார். வில்லியம் ஹாட்னல் இதைச் சொல்லும்போது குரலில் துயரத்தைவிட எரிச்சலே அதிகம். அது எனக்குப் பிடித்திருந்தது. துயரத்தை மேடையில் காட்டலாம். வீட்டுக்குள் அது பெரும்பாலும் எரிச்சலாகவே வெளிப்படும்.

இந்த டொக்டர் பிற்கால டொக்டர்களைப் போல வீரர் அல்லர். பயந்தவர். வந்தவர்களை வெளியே விட்டால் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் கதவைப் பூட்டுகிறார். மூன்றாம் அங்கத்தில், கற்காலக் காட்டுக்குள் தப்பியோடும்போது, காயப்பட்டுக் கிடக்கும் ஒருவனால் பயணம் தாமதமாகிறது. டொக்டர் கூரிய கல்லொன்றைக் கையில் எடுக்கிறார். இயன் அந்தக் கையைப் பிடிக்கிறார். பாதையை வரைந்து காட்டச் சொல்லத்தான் கல்லை எடுத்தேன் என்கிறார் கிழவர். உயிர்தப்புவது ஒன்றே வேலையாகிப் போனவனுக்கு மற்றவனின் உயிர் எவ்வளவு இலேசாகிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கான தொடர் ஒன்று இப்படிக் காட்டியிருக்கிறது. எமது போராட்ட கால எழுத்துக்களில் இந்தக் கல்லைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

ஆயினும் முதல் அங்கத்தின் மையம் டொக்டர் அல்லர், சூசன்தான். இந்த ஐந்து மாதங்கள்தான் என் வாழ்வின் மகிழ்ச்சியான நாட்கள் என்று அவள் சொல்கிறாள். கையில் சிறிய ட்ரான்சிஸ்டர் வானொலி. அதில் வரும் பாட்டுக்கு ஆடுகிறாள். இவர்களை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நானும் உங்களை விட்டுப் போய்விடுவேன் என்று கெஞ்சுகிறாள். கிழவர் கதவைத் திறப்பதுபோலப் பாவனை செய்து பெட்டியைக் கிளப்பிவிடுகிறார். புறப்படுவதென்ற முடிவை அவளிடம் யாரும் கேட்கவில்லை. நாடு இழந்தது கிழவருக்கு முதல் இழப்பு. சூசனுக்கு இது இரண்டாவது. அதுவும் தன் சொந்த ஆளின் கையால்.

ஓராண்டு கழித்து, 1964 டிசம்பர் 26 அன்று ஒளிபரப்பான அங்கத்தில் சூசனின் கதை முடிகிறது. டாலெக்குகள் கைப்பற்றிய எதிர்கால இங்கிலாந்து; எதிர்ப்புப் போராளியான டேவிட் என்ற இளைஞன் அவளை விரும்புகிறான். எந்த இடத்துக்கும் எந்தக் காலத்துக்கும் உரியவளாகத் தன்னை உணர்ந்ததில்லை என்று அவள் அவனிடம் சொல்கிறாள். பாட்டனாரை விட்டுப் போகவும் மனமில்லை. கிழவர் பெட்டிக்குள் போய்க் கதவைப் பூட்டுகிறார். அவள் வெளியே. ஒலிபெருக்கியில் விடைபெறுகிறார், ஒருநாள் திரும்பி வருவேன் என்கிறார். திருத்தித் தருவதாக வாங்கிய அவளது தேய்ந்த சப்பாத்து ஒன்று அவரிடமே போய்விடுகிறது. பெட்டியின் திறப்பை அவள் நிலத்தில் விழவிட்டு டேவிட்டோடு நடக்கிறாள்.

இந்தக் காட்சியைத் தொடரின் இரசிகர்கள் தியாகக் காட்சியாகப் போற்றுகிறார்கள். பேத்தியின் நன்மைக்காகக் கிழவர் தன் தனிமையை ஏற்றுக்கொண்டார் என்பது வழமையான வாசிப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவள் வேண்டியிருந்த ஓரிடம் அவளுக்குக் கிடைக்கிறது. ஆனால் முதல் அங்கத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அவள் இருக்க விரும்பினாள். அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார். இங்கே அவள் முடிவெடுக்க முடியாமல் நின்றாள். அவளை வெளியே வைத்துக் கதவைப் பூட்டினார். இரண்டு தடவையும் விசையில் இருந்தது ஒரே கை. எம்மிடையே பிள்ளைகளின் படிப்பு, கலியாணம், மொழி, ஊர் என்று எல்லாவற்றையும் அவர்களின் நன்மைக்காகவே தீர்மானித்தவர்களின் கையும் அதுதான்.

நடிகை கரோல் ஆன் போர்ட் விலகியதற்கும் இதற்கும் தொடர்புண்டு. தனக்குச் சொல்லப்பட்ட பாத்திரம் ஒன்று, நடிக்கக் கிடைத்தது வேறொன்று என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்களை மிஞ்சிய அந்தப் பெண் சில கதைகளுக்குள்ளேயே அலறிக்கொண்டு ஓடும் பெண்ணாகச் சுருங்கிவிட்டாள். ஆசிரியர்கள் இருவரும் 1965இல் லண்டனுக்குத் திரும்பி, புறாக்களுக்கு நடுவே சிரித்துப் படமெடுக்கிறார்கள். வீடுள்ளவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சூசனைப் பார்க்க யாரும் போகவில்லை. 1983இல், இருபதாம் ஆண்டு நிறைவுக் கதையில் அவள் தோன்றினாள். இத்தனை காலம் எப்படி வாழ்ந்தாய் என்று அதில் ஒருவரும் கேட்பதில்லை.

தொடர் கைவிட்ட கேள்வி இதுவே என்பது என் வாதம். நாடுகடந்த கிழவனோடு வந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அதைக் கேட்காமல், நாடுகடத்தலையே அது ஒரு சுதந்திரமாக மாற்றிக்கொண்டது. 2005இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது டொக்டர், யுத்தத்தில் அழிந்துபோன ஓரினத்தின் கடைசி ஆளாக வந்தார். மிகக் கவர்ச்சியான உருவம் அது. 2009க்குப் பிறகு இதைப் பார்க்கும் தமிழருக்கு அந்தக் கவர்ச்சி இன்னும் கூடும், எனக்கும் கூடியது. ஆனால் கடைசி ஆள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. நாம் கடைசி ஆட்கள் அல்லர். ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள். மாதம் முடியக் காசு அனுப்ப வேண்டும். பக்கத்து அறையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. எமது புலம்பெயர் எழுத்துக்களில் பனியில் தனியே நின்று ஊரை நினைக்கும் ஆண்கள் நிறைய வந்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் மறந்தவர்களாக, ஒரு இழப்பின் அடையாளமாக மட்டுமே வந்து போகிறார்கள்.

ஒன்ராறியோவின் கல்வித் தொலைக்காட்சியான டி.வி.ஓ. 1976 முதல் டொக்டர் ஹூவை ஒளிபரப்பியது. 1978 தொடக்கம் 1981 வரை அங்கம் முடிந்ததும் ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் திரையில் தோன்றி அதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுவார். அமெரிக்காவின் வியட்நாம் யுத்த அரசியல் பிடிக்காமல் 1968இல் நாட்டை விட்டு ரொறன்ரோவுக்கு வந்தவர். 1970இல் தன் அறிவியல் புனைகதை நூல்களை இந்நகர நூலகத்துக்கே கொடுத்தவர். அவை இன்று கொலிஜ் வீதிக் கிளையில் அவர் பெயரில் இருக்கின்றன. கதை முடிந்ததும் கதையோடு வாதிடும் இந்த வழக்கம் எமக்கும் வேண்டியது. தொடரை நேசிப்பதும் அதைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

2025 மே மாதத்தில், தனது 84ஆவது வயதில், கரோல் ஆன் போர்ட் மீண்டும் சூசனாகத் தோன்றினார். டொக்டராக நடித்தவர் ஷூட்டி கட்வா. 1992இல் ருவாண்டாவில் பிறந்து, 1994 இனப்படுகொலையின்போது குடும்பத்தோடு தப்பி ஸ்கொட்லாந்தில் வளர்ந்தவர். அகதிப் பிள்ளையாக வளர்ந்த ஒருவர் டொக்டராகவும், அறுபது வருடங்களுக்கு முன் வெளியே விடப்பட்ட பெண் கிழவியாகவும் ஒரே கதைக்குள் வந்திருந்தார்கள். அவள் அவருடைய மனக்கண்ணில் மட்டும் வந்து போனாள். இருவரும் நேருக்கு நேர் சந்திக்காமலே அந்த மாதக் கடைசியில் கட்வாவின் காலம் முடிந்தது.

2023இல் பி.பி.சி. தன் பழைய அங்கங்களை இணையத்தில் ஒன்றாகத் திறந்துவிட்டபோது, உரிமைப் பிணக்கினால் இந்த முதற் கதை மட்டும் அதில் சேரவில்லை. ஆகவே நூலகத்தில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டால் எடுத்துப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூட இருத்திப் பாருங்கள். டாலெக் வரும்வரை அவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். இங்கேயே இருக்கப் போகிறேன் என்று சூசன் சொல்லும் இடத்தில் அவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.