நட்சத்திரக் குறி போட்ட வரிகள்

டிபேஸ் குடும்பத்து மொழிகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கட்சி. வேன் ராட்லிஃப் எழுதிய டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளை 1980களின் தொடக்கத்தில் ஆஷ்டன்-டேட் விற்றது. 1985இல் நான்டக்கெட் நிறுவனம் அதற்கொரு கம்பைலராகக் கிளிப்பரைக் கொண்டுவந்தது. (ஃபொக்ஸ்புரோவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். மைக்ரோசாஃப்ட் அதைத் தத்தெடுத்துக் கைவிட்டது தனிக்கதை.)

கலகெதரையில் மிளகும் கராம்பும் வாங்கும் கடையொன்றில் அந்தக் காலத்துக் கிளிப்பர் நிரல் ஓடுவதைப் பார்த்தால் அதன் அருமை புரியும். ஆள் இலக்கம், என்டர், நிறை, என்டர், விலை, என்டர். மௌஸைத் தேடி முதலாளியின் கை அலைவதில்லை.

உள்ளே பார்த்தால் இன்னும் அழகு. டிபேஸ் தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பில் எல்லாப் பதிவுகளும் ஒரே நீளம். ஒவ்வொன்றின் முதல் பைட்டும் வெற்றிடம். 'டிலீட்' என்றதும் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேரேட்டில் கணக்கப்பிள்ளை அடித்த கோட்டுக்குக் கீழே தொகை தெரிவதுபோலப் பதிவு அப்படியே கிடக்கும். 'ரீகால்' என்றால் எழுந்து வரும். 'பேக்' என்றால்தான் போகும்.

ஆனால் 64 பிட் விண்டோஸ் இத்தகைய பழைய டாஸ் நிரல்களை ஏற்காது. அங்கேதான் ஹார்பர் வருகிறது. 1999இல் அன்டோனியோ லினாரெஸ் தொடங்கிய இந்தத் திறந்த மூலத் திட்டம், கிளிப்பர் நிரலை சி மொழியாக்கி விண்டோஸ், லினக்ஸ், மேக் எதற்கும் கம்பைல் செய்து தருகிறது. இது கைகூடியதற்குப் பாதிப் புண்ணியம் கிளிப்பர் 5 செய்தவர்களுக்குச் சேரும். திரையில் காட்டும் 'சே', உள்ளீடு வாங்கும் 'கெட்' போன்ற கட்டளைகளை அவர்கள் மொழிக்குள் இறுக்கிவைக்கவில்லை; சாதாரண ஃபங்ஷன்களாக மாற்றும் விதிகளாகத் தனிக் கோப்பில் எழுதிவைத்தார்கள். ஹார்பர்காரர்கள் அந்த ஃபங்ஷன்களைப் புதிதாக எழுதினார்கள். திரையையும் தரவையும் தொடும் பகுதிகளைக் கழற்றி மாட்டும்படி வைத்தார்கள். கடைக்காரரின் மூல நிரலில் பெரும்பாலும் கைவைக்கவே வேண்டியதில்லை.

நம் எழுத்துக்குத்தான் இடிக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். புள்ளி, துணைக்கால், விசிறி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 'கந்தசாமி'க்கு 24 வேண்டும். பழைய 20 பைட் பெயர்க் கட்டத்தில் 'கந்தசா'வோடு பெயர் முறிந்து, மகரத்தின் உடைந்த துண்டு ஒட்டிக்கொள்ளும். அதற்கும் குடும்ப வைத்தியமே போதும்: பெயர்க் கட்டத்தை 60ஆக அகட்டிப் புதுக் கோப்பு உண்டாக்கி, 'அப்பென்ட் ஃப்ரம்' என்று பழையதைக் காட்டினால், கட்டத்தின் பெயர் பார்த்து ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் விழும். பிறகு இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும்.