காரணம் சொல்லாத பட்டியல்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் பட்டியல்கள் குவியத் தொடங்கிவிடும். என்னைக் கவர்ந்த பத்துப் படங்கள், பத்து நாவல்கள், பத்து அட்டை ஓவியங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடியும்வரை ஓயாது. இவை ஏன் பிடித்தன என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: விமர்சகர் க.நா.சு.வும் பட்டியல் போட்டவர்தானே?

பட்டியலால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்க ஆளில்லாத சிற்றூரில் படிக்கத் தொடங்கும் ஒருவருக்கு நல்ல பெயர்கள் நான்கு கிடைப்பது பெரிய விஷயம். மௌனி போன்ற எழுத்தாளர்கள் வெகுஜனப் பத்திரிகைகளின் இரைச்சலில் மறைந்துபோகாததில், க.நா.சு. விடாமல் சொல்லிவந்த பெயர் வரிசைகளுக்கும் பங்குண்டு.

ஆனால் அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவருடைய உழைப்பை வசதியாக விட்டுவிடுகிறார்கள். நாவலாசிரியர் நட் ஹாம்சனைப் பிடிக்கும் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ஹாம்சனின் நாவலையே 'நிலவளம்' என்று தமிழில் தந்தார். லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' நாவல் க.நா.சு.வின் கையால் 'அன்பு வழி' ஆயிற்று. 'படித்திருக்கிறீர்களா?' நூலில் தனக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றித் தனித்தனியே கட்டுரை எழுதினார். இன்றைய பட்டியல்காரர்களில் எத்தனை பேர் ஒரு பக்கமாவது எழுதுகிறார்கள்?

க.நா.சு.விடமும் குறை உண்டு. நல்ல நாவல், சிறந்த கதை என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அந்த முடிவுக்கு வந்த வழியைக் காட்டாமல் நகர்ந்த இடங்கள் அவரிடம் நிறைய. சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர், படைப்பைப் பிரித்துப் பார்த்து நிறுவ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ரசனையா அலசலா என்ற அந்தச் சண்டையில் நான் என்றுமே செல்லப்பாவின் பக்கம்தான்.

பிடித்தது என்று மட்டும் சொன்னால் மறுக்க வழியில்லை. காரணத்தைச் சொன்னால்தான் வாசகர் அதைப் படைப்போடு ஒப்பிட்டுப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். வாசகருக்குரிய அந்த இடத்தைப் பட்டியல் பறித்துக்கொள்கிறது.

'சைட் அண்ட் சவுண்ட்' திரைப்பட இதழ் சிறந்த படங்களுக்காகப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 2022இல் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் வாக்களித்து, ஷாந்தால் அகர்மனின் 'ழான் டீல்மன்' முதலிடத்துக்கு வந்தது. 1975இல் வெளியான படம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். சில நாட்களிலேயே நம் பட்டியல்களிலும் அந்தப் பெயர் ஏறியது. ஏன் பார்க்க வேண்டும் என்று சொன்னவரை நான் காணவில்லை.

சொல்வதற்கா பஞ்சம்? பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவை சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், வீட்டுக்கு வரும் ஆண்களிடம் பணம் வாங்குகிறாள். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பானையோடு வீட்டுக்குள் அலைகிறாள். வேறெந்தப் படத்திலும் இது ஒரு சம்பவமே ஆகாது. இங்கே நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அவளுடைய ஒழுங்கை அவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்திருக்கிறோம். படத்தின் நீளமே அதன் வேலையைச் செய்கிறது. இதைச் சொன்னால் ஒருவர் மறுக்கலாம்: அந்த நீளம் வெறும் சலிப்புத்தான், அடுப்படிக் கொடுமையைச் சொல்ல ஒரு மணி நேரம் போதும் என்று. அங்கேதான் விமர்சனம் தொடங்குகிறது. பத்தில் ஒன்றாக அந்தப் பெயரைப் போட்டவர் இந்த வாதத்துக்கு வரவே மாட்டார்.

காரணம் இல்லாததால்தான் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்று பிறக்கிறது. பெயரை நகலெடுப்பது சுலபம், காரணத்தை நகலெடுத்தால் பிடிபட்டுவிடுவோம். ஆண்டுதோறும் ஒரே பெயர்கள் சுற்றிவருவதை ரசனையின் ஒற்றுமை என்று நான் நம்பவில்லை. பலர் பார்க்காமலேயே பரிந்துரைக்கிறார்கள். கடுமையான பேச்சுத்தான், எழுதிக் காட்டட்டும், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்த ஜனவரியில் பட்டியல் போட உட்காரும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒன்பதை விட்டுவிடுங்கள். மிஞ்சும் ஒன்றைப் பற்றி, அதில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு காட்சியையோ ஒரு பத்தியையோ சுட்டி, ஒரு பக்கம் எழுதுங்கள்.