கெர்ரியைச் சாய்த்த மழை, டப்ளினுக்குத் திறந்த வழி

2001 முதல் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துத் தொடரில் மாகாணப் போட்டியில் தோற்றவர்களுக்கும் உள்ளே வர ஒரு பின்வாசல் இருந்தது. 2020-ல் கொரோனா அதை அடைத்தது. ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். இனி டப்ளினின் ஆட்டம் முடிந்தது, ஐந்து முறை தொடர்ந்து வென்றவர்களும் ஒருநாள் சறுக்குவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். சறுக்கியது உண்மைதான், ஆனால் மற்றவர்கள்.

நவம்பர் 8, கார்க் நகரின் பார்க் ஈ கீவ் மைதானம், நனைந்த புல். கூடுதல் நேரமும் தீரும் தறுவாயில் கார்க்குக்கு எதிராகக் கெர்ரி ஒரு புள்ளி முன்னிலை. கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, வலைக்குள் அடித்தால் மூன்று. சமன் செய்ய கார்க் உயர அடித்த பந்து தூரம் போதாமல் கோலுக்கு முன்பாகவே இறங்கியது. மாற்று வீரராக வந்திருந்த மார்க் கீன் அதைப் பிடித்து, திரும்பி, வலைக்குள் அடித்தார். கார்க் 1-12, கெர்ரி 0-13 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). அந்த ஆண்டின் தேசிய லீக் சாம்பியனுக்கு ஒரே ஆட்டத்தோடு கதை முடிந்தது. கையில் இருந்த சிறு முன்னிலையை அடைகாத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று கெர்ரி நினைத்தது. அதற்கான விலை இது என்பேன்.

டப்ளின்காரர்கள் இதைக் கொண்டாடியிருக்க வேண்டும். 2019 இறுதிப் போட்டியில் அவர்களைச் சமநிலையில் நிறுத்தி, மறு ஆட்டத்துக்கு இழுத்த அணி கெர்ரிதான். அந்த அணியை ஒரு ஈரப் பந்து வெளியேற்றிவிட்டது.

நவம்பர் 22 அன்று நடந்தது பழைய சரித்திரம் திரும்பி வந்தது போல. கார்க்கை 0-17, 0-14 என வீழ்த்தி டிப்பரரி 1935-க்குப் பிறகு முதன்முறையாக மன்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றது. அதே நாளில் டோனகாலை வென்று கேவன் 1997-க்குப் பிறகு முதன்முறையாக அல்ஸ்டர் மாகாண சாம்பியன் ஆனது. நூறாண்டுக்கு முன், 1920 நவம்பர் 21-ல், குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினும் டிப்பரரியும் ஆடியபோது பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் இறந்தார்கள். அவர்களில் டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். அந்த நினைவாக வெள்ளை, பச்சை உடையில் இறங்கியது டிப்பரரி. அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் 1920-ல் மாகாணப் பட்டம் வென்ற அதே நான்கு: டப்ளின், மேயோ, கேவன், டிப்பரரி.

ஆனால் களத்தில் நூற்றாண்டுக்கு மதிப்பில்லை. கேவனை டப்ளின் 1-24, 0-12 என நசுக்கியது. மேயோவின் கிலியன் ஓகானர் டிப்பரரிக்கு எதிராகத் தனியாளாக 4-9 குவித்தார்.

டிசம்பர் 19, ஆளில்லாத குரோக் பார்க். ஆட்டம் தொடங்கி 15 வினாடிகூட ஆகவில்லை; ஜேம்ஸ் மெக்கார்த்தி பாய்ந்து வந்து கொடுத்த பந்தை டீன் ராக் வலைக்குள் தள்ளினார். இறுதிப் போட்டி வரலாற்றிலேயே அதிவேக கோல். அதற்கும் மேயோ கலங்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் டப்ளினின் ராபி மெக்டெய்டுக்கு பிளாக் கார்டு, பத்து நிமிடம் வெளியே. மேயோ போட்டியைக் கைப்பற்றியிருக்க வேண்டிய நேரம் அது. எதிராளி 14 பேராக நிற்கும்போது பந்தை வேகமாக முன்னே கடத்த வேண்டும். மேயோ அந்த அவசரத்தைக் காட்டவில்லை. டப்ளினோ பந்தைத் தங்களுக்குள் வைத்து நேரத்தைக் கரைத்தது. கடைசிக் கட்டத்தில் முன்னிலையைப் பெருக்கி 2-14, 0-15 என வென்றது. தொடர்ந்து ஆறாவது பட்டம்.

அடுத்த ஆண்டும் இதே நாக்-அவுட் முறைதான். 2021 ஆகஸ்ட் 14-ல், அரையிறுதியின் கூடுதல் நேரத்தில், அதே மேயோ டப்ளினை வீழ்த்தியது. பிறகு இறுதிப் போட்டியில் டைரோனிடம் தோற்றது. ஸ்கோர்: 2-14, 0-15.