மாமியின் கோப்பி, அம்மாவின் காபி

ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒன்பது வேலைகளை முடித்துவிடலாம் என்று நம்புவது என் பழைய வியாதி. அன்றைக்கும் அப்படித்தான். காலை எட்டரைக்கு அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிள்ளான் வீட்டிலிருந்து இறங்கினேன். முதலில் வங்கி. பிறகு மாமியின் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகம்; அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, ஒரு நகல் குறைகிறது என்றார்கள். அப்புறம் கம்யூட்டர் பிடித்து கே.எல். சென்ட்ரல், பிரிக்பீல்ட்ஸில் கண் பரிசோதனை. திரும்பி வந்து தெங்கு கிளானா சாலையில் பூ, வெற்றிலை, அம்மாவுக்கு மருந்து. வீடு சேரும்போது மணி ஆறரை. மூன்று பேருக்கும் பேச்சு அடங்கிவிட்டிருந்தது.

அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். மாமி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்து வம்சம். செருப்பைக் கழற்றியதும் அம்மா பித்தளை பில்டரைத் தட்டிப் பார்த்தார். காலையிலேயே இறக்கி வைத்த டிகாக்‌ஷன் இருந்தது. மாமி சொன்னார்: “எனக்கு அரைக் கோப்பை காணும் தம்பி. பால் விட வேண்டாம். நானே போடுறன்.”

அவர் போடுவதைப் பார்க்க வேண்டும். கோப்பிக் கொட்டையோடு கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்த தூள். (சுக்கு என்றால் புரியாமலில்லை, ஆனால் அவர் வாயில் அது வேர்க்கொம்புதான்.) தூளைக் கோப்பையில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு தட்டால் மூடுவார். மண்டி அடியில் தங்கும்வரை தொடமாட்டார். வடிகட்டி கிடையாது, சீனியும் கிடையாது. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு, கடைசி இரண்டு வாயை அப்படியே விட்டுவிடுவார்.

அம்மாவின் காபிக்கு இந்தப் பொறுமை ஆகாது. பால் பொங்க வேண்டும், டிகாக்‌ஷன் இறங்க வேண்டும், டபராவுக்கும் டம்ளருக்கும் நாலு ஆற்று ஆற்றி நுரை எழும்ப வேண்டும். தூளில் சிக்கரி கலந்திருக்கும். ஒரே தூளில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன் யாருக்கு என்பதில் அந்தக் காலத்து வீடுகளின் தராதரமே அடங்கியிருந்தது. தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் காபியைத் தன் அந்தஸ்தாக ஆக்கிக்கொண்ட கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’யில் எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அப்பா வீட்டாருக்கு இந்த இரண்டுமே வேடிக்கை. அவர்களுக்குக் காபி என்றால் துணிப்பையில் வடித்த கறுப்புக் ‘கோப்பி ஓ’.

ஒரு விசித்திரம். தமிழ்நாட்டில் சாயங்காலம் சைக்கிளில் வரும் சுக்குக் காபியில் பெரும்பாலும் காபித்தூளே இருக்காது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து மல்லிக் கோப்பியிலோ கொட்டை உண்டு. முதலாவதைக் குடித்துத் தூக்கம் போயிற்று என்பவரைக் காபி பெயரைச் சொல்லியே ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டாவதை வெறும் கஷாயம் என்று நம்பி இரவில் குடிப்பவர் விடிய விடிய விழித்திருப்பார்.

அன்றிரவு எங்கள் வீட்டிலும் ஒருவருக்குத் தூக்கம், ஒருவருக்கு விழிப்பு. அம்மா டம்ளரைக் கழுவி வைத்த பத்தாவது நிமிடம் சோபாவிலேயே குறட்டை. மாமி பதினொரு மணிக்கும் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். “எங்கட ஆக்களுக்குக் கோப்பி சூடு, நித்திரை வராது” என்றார். பரம்பரை வாகு என்பது அவர் கட்சி. ஆனால் அவர் சொந்த அக்கா இரவு ஒன்பது மணிக்குக் கோப்பி குடித்துவிட்டுக் குழந்தை மாதிரித் தூங்குகிறவர்.

எனக்கென்னவோ ரத்தத்தைவிட வழக்கம்தான் பெரிதென்று படுகிறது. அம்மாவுக்கு விடிந்தால் காபி, பதினொன்றுக்குக் காபி, மூன்று மணிக்குக் காபி. வேளை தவறினால் நெற்றிப்பொட்டு தெறிக்கும். உடம்பு கஃபீனுக்குப் பழகிவிட்டது. அவர் சாயங்காலக் காபியில் கண்டது சுறுசுறுப்பே இல்லை. வரவிருந்த தலைவலி வராமல் போன சுகம். மாமி வீட்டில் அன்றாடம் தேத்தண்ணிதான். கோப்பி என்பது மழைக்கும் தடிமனுக்கும் சிவராத்திரிக்கும். பழகாத உடம்பில் அரைக் கோப்பையும் ஏறும்.

இலங்கைத் தீவில் தேயிலை அன்றாடமானதற்கு ஒரு பூஞ்சணம் காரணம். 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது; இருபது வருஷத்துக்குள் பெரும்பாலான தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கை விரித்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் லிபெரிக்கா கோப்பி போட்டார்கள். கிள்ளானுக்குப் பக்கத்துக் கேரித் தீவு, அப்படி இலங்கையிலிருந்து வந்த துரை ஒருவரின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. இந்த வட்டாரத்துத் தமிழர் பலர் ரப்பருக்கு முன்னே கோப்பிக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். பிரேசில் கோப்பி குவிந்து விலை விழுந்ததும் ரப்பர் வந்தது.

தூக்கத்தின் கணக்கில் பழக்கம் போக மிச்சம் கல்லீரலின் வேலை. கஃபீனைச் சிதைக்கும் நொதி சிலருக்கு விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்கும். குடித்ததில் பாதி கரைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். புகைபிடிப்பவருக்கு அதைவிடச் சீக்கிரம் கரையும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு மும்மடங்கு நேரம்கூட ஆகலாம். கொட்டையும் சேர்ந்துகொள்ளும்: ரோபஸ்டாவில் அராபிக்காவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன், சிக்கரியில் துளிகூடக் கிடையாது. ஆக, நுரை ததும்பும் அம்மாவின் டம்ளரைவிட மாமியின் அரைக் கோப்பை உறைப்பாக இருந்திருக்க இடமுண்டு.

அலைந்த களைப்பைக் காபி போக்குவதில்லை, மறைக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின்தான் ‘படு’ என்று சொல்கிறது. கஃபீன் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கஃபீன் எழுந்து போனதும் நின்றவை எல்லாம் சேர்ந்து உட்காரும். எனக்கு அது மறுநாள் அலுவலகத்தில் நடக்கும். அன்றோ மத்தியானம் மூவரும் சாப்பிட்டதே ஆளுக்கொரு வடை. அந்தப் பசிக் களைப்பைக் காபியின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

காலையில் எழுந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. என் பையில் கசங்கிக் கிடந்த ரசீதுகள், வரிசைச் சீட்டுகள், படிவங்கள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. மேலே பாரத்துக்கு, மாமியின் தாயார் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்த மூக்குப்பேணி. இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து அடுக்கினாராம். அலுவலகத்தில் குறைகிறது என்ற நகலும் அதற்குள்தான் இருந்தது, வங்கிப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு.

“இன்னொருக்கா போகோணும்” என்றார் மாமி, சிவந்த கண்களோடு.

அம்மா அடுப்படியிலிருந்து, “அப்ப காபிய குடிச்சிட்டே கிளம்பலாம் சம்பந்தி. உங்களுக்கும் பாலோட ஒரு டம்ளர் போடவா?” என்று கேட்டார். மாமி பேணியை எடுத்து நீட்டினார்.