திறமை உண்டு, லாபம் உண்டா?

போக்கர் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2022-ஆம் ஆண்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாக அட்டவணையில் சேர்த்தது. இரண்டும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அந்த அட்டவணையை நீக்கியது. ஆனால் 'திறமை ஆட்டம்தானே, பழகினால் ஜெயிக்கலாம்' என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை.

திறமையின் பங்கை மறுப்பதற்கில்லை. எந்தக் கையை உடனே கீழே வைப்பது, எவ்வளவு கட்டுவது, எதிராளி கட்டும் தொகையிலிருந்து அவரது சீட்டை எப்படி ஊகிப்பது என ஒவ்வொன்றிலும் தேர்ந்தவர் முந்துவார். நிகழ்தகவையும் பொறுமையையும் இதுபோல் கற்றுத்தரும் ஆட்டங்கள் குறைவு.

கோளாறு, மேசை நடத்துபவர் எடுக்கும் 'ரேக்' என்னும் கமிஷனில் இருக்கிறது. சமமான திறமையுள்ள ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் 200 ரூபாய் சேர்ந்தால் 5 சதவீதக் கமிஷன் 10 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம் என்றால் 600 ரூபாய். பத்து மணி நேரத்தில் மேசையிலிருந்த 6,000 ரூபாயும் போய்விடும். ஆறு பேரில் யாரும் மோசமாக ஆடவில்லை. இருந்தும் ஆறு பேரிடமும் பணமில்லை. சராசரி ஆட்டக்காரர் நெடுங்காலத்தில் தோற்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்களைவிடச் சற்று மேலாக ஆடினால் போதாது; கமிஷனையும் தாண்டும் அளவுக்கு மேலாக ஆட வேண்டும். அதற்குள் தோற்றவர்கள் விலகிவிட, எஞ்சி நிற்பவர்களின் தரமும் கூடிவிடுகிறது.

தன் நிலை தனக்கே தெரியாமல் போவது இன்னொரு கேடு. ஆரணியில் பட்டு நெய்பவருக்குக் கைப்பிழையைத் துணியே காட்டிக்கொடுக்கும். அடுத்த சேலையில் திருத்திக்கொள்வார். போக்கரில் சரியாக ஆடியவர் தோற்பதும், தவறாக ஆடியவர் அள்ளிச் செல்வதும் அன்றாடம். டெக்சஸ் ஹோல்டம் என்னும் போக்கர் வகையில் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் கடைசிச் சீட்டுவரை மோதினால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை ஏஸ் தோற்கும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகும் திறமை எது, அதிர்ஷ்டம் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த மயக்கத்தில்தான் தோற்பவர், 'இன்று நேரம் சரியில்லை' என்று சொல்லி மறுநாளும் பணம் கட்டுகிறார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. உண்மையிலேயே தேர்ந்த சிலரின் வருமானத்தை அது பறித்தது. அவர்களின் மனக்குறை நியாயமானது. ஆனாலும் பெரும்பான்மையோரின் இழப்பிலிருந்து வந்ததுதான் அந்த வருமானம்.

போக்கர் கெட்ட ஆட்டம் அல்ல. காசும் கமிஷனும் இல்லாமல் நண்பர்களோடு ஆடினால் அதன் நன்மைகள் அனைத்தும் அப்படியே கிடைக்கும். அதைப் பிழைப்பாக எண்ணும் இளைஞர்கள், ஜெயித்த நாட்களோடு கட்டிய ஒவ்வொரு ரூபாயையும் சேர்த்து ஓராண்டுக்கு ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். நீதிமன்றம் ஆட்டத்தின் தன்மையைத்தான் சொன்னது. ஆடுபவரின் நிலையை அந்த நோட்டுதான் சொல்லும்.