மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு மதில்

மலைமேல் ஊர் கட்டியவர்கள் காட்சிக்காகக் கட்டவில்லை. கீழிருந்து ஓடிவருகிறவனுக்கு வாசலை எட்டும்போது மூச்சு வாங்க வேண்டும். அவன் நின்று இரைக்கிற அந்த நேரம் மேலே இருப்பவனுக்குப் போதும், அம்பு விட. இன்று அதே குன்றுகளைச் சுற்றி ஓட்டப் பாதைகள் வந்துவிட்டன. அந்தப் பாதைகளை விவரிக்கும் குறிப்புகளைக் கொஞ்ச நாளாக வாசித்துவருகிறேன். போகாத ஊருக்கு வழி கேட்கிற வேலைதான். ஆனாலும் ஓடுகிற பழக்கம் உள்ளவனுக்கு இது ஒரு வியாதி. எந்த ஊர் பேரைக் கேட்டாலும் அங்க ஏத்தம் எவ்ளோ, இறக்கம் எவ்ளோன்னு பார்க்கத் தோணும். வாசிக்க வாசிக்க, இதுவும் ஒரு எழுத்து வகைதான், இதையும் விமர்சிக்கலாம் என்று பட்டது.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் டஸ்கனியில் இருக்கும் மோன்டெரிஜ்ஜோனி. ‘அசாசின்ஸ் கிரீட் 2’ விளையாடியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 2009இல் வந்த அந்த விளையாட்டில் நாயகன் எட்சியோ தாவி ஓடுகிற மதில் இதுதான். விளையாட்டில் வரும் அவன் குடும்ப மாளிகை நிஜத்தில் கிடையாது, மதில் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடக்கே இருந்த எதிரியான ஃபுளோரன்ஸைக் கண்காணிக்க சியெனா நகரம் இதைக் கட்டியது. சுற்றளவு சுமார் 570 மீட்டர், 14 கோபுரங்கள், இரண்டு வாசல்கள். மதிலைச் சுற்றி ஒரு முறை ஓட மூன்று நான்கு நிமிடம் போதும். அவ்வளவு சின்ன ஊர்.

இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றிய ஓட்டக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தூரம், மொத்த ஏற்றம், தரை மண்ணா தாரா, தண்ணீர் எங்கே கிடைக்கும். பிறகு கட்டாயமாக ஒரு வரி: உச்சியில் அருமையான காட்சி. தகவலில் பிழை இல்லை. என் புகார் வேறு. இந்தக் குறிப்புகளில் மனிதர்களே இல்லை. குன்று தானாக முளைத்ததுபோலவும், சைப்ரஸ் மரங்கள் தாமாகவே வரிசையில் போய் நின்றதுபோலவும் இருக்கிறது வாசிக்க.

இந்தப் பார்வைக்கு இலக்கியத்தில் ஒரு மூதாதை உண்டு. ஓட்டத்தைப் பற்றி 2007இல் முரகாமி எழுதிய நினைவுக்குறிப்பு நூல், ஓடுகிற எழுத்தாளர்கள் பலருக்கும் வேதம். அவர் ஓடுவது ஒரு வெறுமையை அடைவதற்காக. அதில் தவறில்லை, எனக்கும் பிடித்த புத்தகம்தான். ஆனால் அந்த மனநிலை கைமாறிக் கைமாறி வரும்போது, இடம் என்பது வெறும் பின்திரை ஆகிவிடுகிறது. இதற்கு எதிர்முனையில் இருப்பது 1959இல் ஆலன் சில்லிடோ எழுதிய நெடுந்தூர ஓட்டக்காரனின் கதை. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட பையன், ஜெயிக்கவேண்டிய பந்தயத்தில் எல்லைக்கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். யாருடைய கோப்பைக்காக நான் ஓடணும் என்பதுதான் அவன் கேள்வி. முரகாமியின் ஓட்டத்தில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஓட்டக் குறிப்புகள் எழுதுகிறவர்கள் முரகாமியைப் பிடித்துக்கொண்டார்கள், சில்லிடோவை விட்டுவிட்டார்கள்.

மோன்டெரிஜ்ஜோனியைச் சுற்றிய பாதைகளுக்குப் பழைய வாசிப்புகள் உண்டு. கேன்டர்பரி பேராயர் சிகெரிக் 990இல் ரோமுக்குப் போய்த் திரும்பியபோது, தங்கிய இடங்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. ஏறத்தாழ 80 பெயர்கள், வேறொன்றும் இல்லை. வியா ஃபிரான்சிஜெனா என்ற யாத்திரைப் பாதையை இன்று மீட்டிருப்பது அந்தப் பட்டியலை வைத்துத்தான். அதில் 16ஆவது இடம், மோன்டெரிஜ்ஜோனியிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் இருக்கும் இன்றைய அப்பாதியா அ இசோலா. ‘இசோலா’ என்றால் தீவு. கடலே இல்லாத இடத்தில் ஏது தீவு? ஒரு காலத்தில் அங்கிருந்த மடாலயத்தைச் சுற்றிச் சதுப்புநிலம் இருந்தது. பிறகு நீரை வடித்து வயலாக்கினார்கள். இன்று காய்ந்த வயலோரம் ஓடுகிறவர் கால் வைப்பது பழைய சதுப்பின் கரையில். ஊர்ப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. குறிப்பு எழுதுகிறவர் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்ப்பதில்லை.

அடுத்த வாசிப்பு தாந்தேயுடையது. ‘டிவைன் காமெடி’யின் நரகப் பகுதி, 31ஆவது காண்டம். மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் கோபுரங்கள் தெரிவதாக நினைக்கிறார். நெருங்கினால் அவை குழிக்குள் இடுப்பளவு நிற்கும் அரக்கர்கள். அதற்கு அவர் தரும் உவமை, கோபுரங்களை முடியாகச் சூடிய மோன்டெரிஜ்ஜோனி. தாந்தே ஃபுளோரன்ஸ்காரர். அவர் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, 1260இல் மோன்டபெர்த்தியில் சியெனாவிடம் அவர் ஊர் செமத்தியாக அடிவாங்கியிருந்தது. அந்த உவமையை அழகுணர்ச்சி என்று மட்டும் வாசிக்க முடியாது. எதிரி ஊர்க்காரன் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற பார்வை அது. நம் குறிப்புகள் எல்லாம் மேலிருந்து கீழே பார்க்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு யோசித்துக் கட்டிய அந்த ஏற்றமும் மதிலும் கடைசியில் உதவவில்லை. 1554இல் காவல் பொறுப்பிலிருந்த தளபதியே கோட்டையை ஃபுளோரன்ஸ் தரப்பிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் ஃபுளோரன்ஸிலிருந்து விரட்டப்பட்டவர். மேட்டில் யாரும் ஓடி ஏறவில்லை, சாவி கை மாறியது, அவ்ளோதான்.

மதிலுக்கு வெளியே விரியும் வெள்ளை மண் சாலைகளுக்கு வருவோம். ஓட்டக்காரர்கள் கொண்டாடும் ‘ஸ்ட்ராதே பியாங்கே’ இவைதான். பார்க்கும்போது காலகாலமாகச் சும்மா கிடந்த சாலைகள்போல் தெரியும். பல நூற்றாண்டுகள் அந்த நிலத்தை உழுதது ‘மெட்ஸாத்ரியா’ முறை. கிட்டத்தட்ட நம்மூர் வாரச் சாகுபடி. விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு, பாதி உழுத குடும்பத்துக்கு. நிலத்தின் நடுவே தனியாக நிற்கும் கல்வீடுகள் அந்தக் குடும்பங்கள் இருந்தவை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவர்கள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் போனார்கள். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. காலியான வீடுகள் பல இன்று நீச்சல்குளம் வைத்த விடுதிகள். ஓடுவதற்கு அந்தச் சாலை இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம், அதில் தினமும் நடந்தவர்கள் இப்போது அங்கே இல்லை என்பது. குறிப்புகள் மெச்சுகிற ‘அமைதி’ என்ற சொல்லுக்குள் இவ்வளவு கிடக்கிறது.

சரி, நல்ல பாதைக் குறிப்பு எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த ஒன்று இதே பாதையின் மறுமுனையில், சுவரில் இருக்கிறது. மோன்டெரிஜ்ஜோனியிலிருந்து யாத்திரைப் பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் சியெனா. அங்கே நகர மாளிகையில், ஒன்பது பேர் ஆட்சிக்குழு கூடிய அறையில், அம்ப்ரோஜோ லோரென்செத்தி 1338-39இல் வரைந்த சுவரோவியம். நல்லாட்சி நாட்டுப்புறத்தில் என்ன செய்யும் என்பது அதன் ஒரு பகுதி. நகர வாசலிலிருந்து ஒரு சாலை சரிந்து இறங்குகிறது. நன்றாக உடுத்தியவர்கள் வேட்டைப் பருந்தோடு குதிரையில் இறங்கிப் போகிறார்கள். குடியானவர்கள் பொதி ஏற்றிய கழுதைகளோடும் ஒரு பன்றியோடும் மேலே ஏறி வருகிறார்கள். மேலே இறக்கையோடு மிதக்கிறாள் ‘பாதுகாப்பு’ என்னும் பெண். ஒரு கையில், எல்லோரும் அச்சமின்றிப் போய் வரலாம் என்று சொல்லும் ஏடு. இன்னொரு கையில் தூக்குமரம், அதில் தொங்கும் ஓர் உடல்.

இது ஆட்சியாளர்கள் காசு கொடுத்து வரையச் சொன்ன பிரச்சாரம். ஆனாலும் இந்த ஓவியன் சாலையை வெறுங்காட்சியாக விடவில்லை. யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள், இருவரும் பயமில்லாமல் போக யார் கழுத்தில் கயிறு, எல்லாம் ஒரே சரிவில் இருக்கின்றன. இன்றைய பாதைக் குறிப்புகளிடம் நான் எதிர்பார்ப்பது இந்த நேர்மையில் பாதி.

ஓடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் காரில் வந்து படம் எடுத்துப் போகிறவரைவிட ஓடுகிறவருக்கு ஒரு வசதி அதிகம். விளையாட்டுக்காக வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கும்போது அவர் அந்தக் குதிரைக்காரர்களின் வாரிசு, சந்தேகமே இல்லை. ஆனால் திரும்பி ஏறும்போது தொடை எரியுது, நெஞ்சு அடிச்சுக்குது, வாசல் கிட்டவே வரமாட்டேங்குது. மதில் கட்டியவன் கணக்குப் போட்டது சரியாக இந்த இடத்தைத்தான். கழுதை ஓட்டி வந்தவன் நின்று மூச்சு விட்டதும் இங்கேதான். கைக்கடிகாரம் அதை வெறும் ‘ஏற்றம்’ என்று எழுதிக்கொள்ளும். மிச்சத்தை ஓடியவர்தான் எழுத வேண்டும்.